குவாட்டர் என்னும் அளவுகோல்: குடிக்குமுன் இடரை எடைபோடுவது பற்றி

முன்னுரை

மாலை ஏழு மணிக்கு மதுக்கடை வாசலில் சற்று நேரம் நின்றால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கையில் பாதிப் பணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வரிசையை நோட்டம் விடுவார். தன்னைப்போலவே தயங்கி நிற்கும் இன்னொருவரைக் கண்டதும் நெருங்கி, "கட்டிங் வர்றீங்களா?" என்பார். முன்பின் பார்த்திராத அந்த இருவரும் சேர்ந்து ஒரு குவாட்டர் வாங்குவார்கள். பெட்டிக்கடையில் இரண்டு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று. ஊற்றியபின் டம்ளர்களைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, இரண்டிலும் சரக்கு ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். தங்கம் நிறுப்பவரின் கவனம் அந்தப் பார்வையில் இருக்கும். பிறகு நின்றபடியே இரண்டு மடக்கு. பேர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

அந்த இடத்தில் நடந்த ஒரே எடைபோடுதல் அதுதான். பங்கு சரியா என்று பார்த்தாயிற்று. அந்தப் பங்கு தன் உடலுக்கும் அன்றைய இரவுக்கும் தகுமா என்பது கேட்கப்படவில்லை. கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் கேட்கும் இடம் அது அல்ல என்பது இக்கட்டுரையின் வாதத்தில் ஒரு பாதி. குடிப்பதற்குமுன் ஒவ்வொருவரும் தன் சொந்த இடரை எடைபோட்டு முடிவெடுக்கலாம் என்று பொதுநல மருத்துவம் இன்று சொல்கிறது. அந்த அறிவுரை 'அளவான குடி' என்ற ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. தமிழ்நாட்டின் மதுக்கடையில் அப்படியொரு சரக்கு ஏறக்குறைய விற்கப்படுவதே இல்லை என்பது வாதத்தின் மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே தனிமனித இடர்க் கணக்கு வேறு வடிவம் எடுக்கவேண்டியிருப்பது தெரியும்.

குறள் வைத்த இடம்

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. அடுத்து வருவது சூது, அதற்கடுத்து மருந்து. இந்த வரிசைக்கு உரையாசிரியர்கள் என்ன காரணம் சொன்னாலும், இன்றைய வாசகருக்கு அது ஒன்றைக் காட்டுகிறது. ஒரு பக்கம் கள், மறுபக்கம் உடம்பின் அளவறிதல், நடுவில் பந்தயம். இடர் பற்றிய எந்தப் பேச்சும் இந்த மூன்றுக்கிடையேதான் நடக்கிறது.

மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்குச் சொல்லப்படும் நெறி ஒன்று நமக்கு இங்கே உதவும். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தே அவன் செயல்படவேண்டும். அமெரிக்க உளநல மருத்துவர் நார்மன் சின்பெர்க், போதைப் பழக்கம் பற்றி 1984இல் வெளியிட்ட நூலில், பொருள், அதை எடுப்பவரின் மனநிலை, எடுக்கும் சூழல் என்று மூன்றைப் பிரித்தார். ஒரே பொருள் ஒருவரை அழிப்பதும் இன்னொருவரைத் தொடாமல் விடுவதும் ஏன் என்ற கேள்விக்கு விடை, பொருளின் வேதியியலில் மட்டும் இல்லை என்பது அவர் கண்டது. இரண்டு மும்மைகளும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஒன்று நோய் தீர்க்கப் பிறந்தது, மற்றது பழக்கத்தை விளக்க. ஆனால் இரண்டுமே "எவ்வளவு?" என்ற ஒற்றைக் கேள்வியை மறுக்கின்றன. அந்த மறுப்பைப் பின்பற்றி, பொருள், ஆள், வேளை என்ற மூன்று தலைப்புகளில் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

பொருள்: ஒரு குவாட்டரில் என்ன இருக்கிறது

இந்தியாவில் தயாராகும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றின் வழக்கமான வீரியம் கன அளவில் 42.8 விழுக்காடு. குவாட்டர் என்பது 180 மி.லி. அதில் தூய ஆல்கஹால் 77 மி.லி. ஒரு மி.லி. ஆல்கஹாலின் எடை 0.789 கிராம் என்பதால், ஒரு குவாட்டருக்குள் ஏறத்தாழ 61 கிராம் இருக்கிறது. அதில் பாதியான கட்டிங் என்றால் 30 கிராம். 650 மி.லி. பீர் பாட்டில், 8 விழுக்காட்டு 'ஸ்ட்ராங்' ஆனால், 41 கிராம். பீர் குடிப்பதைக் குடியாகவே எண்ணாதவர்கள் இந்த மூன்றாவது எண்ணைக் கவனிக்கலாம்: அது கட்டிங்கைவிட அதிகம்.

இந்த எண்களை உலக அளவுகோல்களின் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஒரு நிலையான அளவாகக் கொள்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடித்தால் அது 'மிகைக் குடி'. அதாவது நம் ஊரில் ஓர் ஆள் வாங்கும் சாதாரணப் புட்டி, முழுதாக அருந்தினால், உலகம் மிகைக்குடி என்று கோடு கிழித்த இடத்திலேயே போய் நிற்கிறது. பிரிட்டனின் தலைமை மருத்துவ அலுவலர்கள் 2016இல் வகுத்த உச்ச வரம்பு வாரத்துக்கு 14 அலகு, அலகுக்கு 8 கிராம் என்று 112 கிராம். வாரம் முழுமைக்கும் சேர்த்து அது இரண்டு குவாட்டரைத் தொடாது. கனடாவின் 2023 வழிகாட்டுதல் இன்னும் இறுக்கமானது. அங்கே 'தாழ் இடர்' என்பது வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு அளவு, ஏறத்தாழ 27 கிராம். வாரம் ஒரே ஒரு கட்டிங் போடுபவர்கூட அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

இதே கணக்கை மறுபக்கமிருந்தும் பார்க்கலாம். 'பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை' என்ற முடிவோடு 2018இல் லான்செட் இதழில் வந்த உலக நோய்ச்சுமை ஆய்வு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. கேம்பிரிட்ஜ் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் அந்த எண்களை எளிய மொழிக்கு மாற்றினார். குடிக்காத ஒரு லட்சம் பேரில் ஓர் ஆண்டில் 914 பேருக்கு, ஆல்கஹாலோடு தொடர்புடைய நோய்களில் ஏதோ ஒன்று எப்படியும் வரும். நாள்தோறும் ஓர் அளவு குடித்தால் அது 918 ஆகும். இரண்டு அளவுக்கு 977. ஐந்து அளவுக்கு 1,252. முதல் படியில் லட்சத்துக்கு நால்வர்தான் கூடுகிறார்கள். இதைப் பொருட்படுத்தவேண்டுமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த நியாயம் 10 கிராம் குடிப்பவருக்கானது. அன்றாடம் ஒரு குவாட்டர் போடுபவர் ஆறு அளவு குடிக்கிறார். அவர் அந்த அட்டவணையின் கடைசி எண்ணையும் கடந்து நிற்கிறார். ஐந்து அளவிலேயே கூடுதல் இடர் ஆண்டுக்கு முந்நூறு பேரில் ஒருவருக்கு மேல் வந்துவிடுகிறது. தாளில் வரும் 'மிதமாகக் குடித்தால் பெரிய ஆபத்தில்லை' என்ற செய்தியை வாசித்து ஆறுதல் கொள்ளும் குவாட்டர்க்காரர், பிறர் வீட்டு ஜாதகத்தைத் தன்னுடையதென்று எண்ணிப் படிக்கிறார்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு இதற்கு வலுச்சேர்க்கிறது. 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 14.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 16 கோடிப் பேர், குடிக்கிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேரின் குடி, தீங்கு தருவதாகவோ அடிமைநிலையாகவோ ஆகி உதவி தேவைப்படும் கட்டத்தில் இருக்கிறது. மூவரில் ஒருவருக்கும் அதிகம். நாட்டில் குடிக்கப்படுவதில் பெரும்பகுதி நாட்டுச் சாராயமும் வீரியமிக்க இந்தியச் சாராய வகைகளுமே என்பதையும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. புட்டியும் விளைவும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல.

ஆள்: "எனக்கு ஏறவே ஏறாது"

இடர் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. யாருக்கு அதிகம் என்பதில் ஊர்வழக்கு நம்மை நேர்மாறான திசையில் கொண்டுபோய் விடுகிறது. கல்யாண வீட்டு மாடியில் நண்பர்கள் கூடும் இரவில், இரண்டாவது சுற்றிலேயே வாந்தியெடுத்துக் குப்புறப் படுப்பவனைக் கேலி செய்வார்கள். நான்கு சுற்றுக்குப் பிறகும் "எனக்கு ஏறவே ஏறாது மச்சான்" என்று நிமிர்ந்து நிற்பவனுக்கு மரியாதை. 'தாங்குறவன்' என்பது அங்கே பட்டம்.

அந்தப் பட்டத்துக்குரியவனைப் பற்றித்தான் கவலைப்படவேண்டும். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மருத்துவர், குடிநோயாளிகளின் மகன்களான இளைஞர்களுக்குக் குறிப்பிட்ட அளவு ஆல்கஹால் கொடுத்து, அவர்களின் உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று அளந்தார். சில ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் தேடிப் பார்த்து, 1994இல் முடிவை வெளியிட்டார். குறைவான எதிர்வினை காட்டியவர்களில், அதாவது 'தாங்கியவர்களில்', 56 விழுக்காட்டினர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். நன்றாக 'ஏறியவர்களில்' 14 விழுக்காடு மட்டுமே. காரணம் புரியக்கூடியதே. உடம்பு 'போதும்' என்று முன்கூட்டியே மணியடித்தால் ஆள் நிறுத்துகிறான். மணி இல்லாதவன் அதே மயக்கத்துக்காக மேலும் மேலும் ஊற்றிக்கொள்கிறான். கல்லீரலோ அவன் உணர்ந்ததை எண்ணாமல் ஊற்றியதை எண்ணுகிறது. கிழக்காசிய மக்களில் கணிசமானோருக்கு ஒரு மரபணு வேறுபாட்டால் முதல் மடக்கிலேயே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். தென்னிந்தியரில் அந்த வேறுபாடு அரிது. அந்த இயற்கை வேலி நமக்கில்லை.

குடும்ப வரலாறு அடுத்த எடைக்கல். டென்மார்க்கில் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களை ஆராய்ந்து டொனால்ட் குட்வின் குழு 1973இல் வெளியிட்ட கட்டுரை, பெற்ற தந்தையோ தாயோ குடிநோயாளியாக இருந்தால், அவர் முகத்தையே பாராமல் வேறு வீட்டில் வளர்ந்த மகனுக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டியது. பின்வந்த இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கைச் சுமார் பாதி என்று மதிப்பிடுகின்றன. இதை விதியென்று படிக்கவும் கூடாது, 'பாதிதானே' என்று தள்ளவும் கூடாது. அப்பனும் சித்தப்பனும் குடியால் போன வீட்டுப் பிள்ளைக்கு, ஊரில் மற்றவன் எவ்வளவு குடிக்கிறான் என்பது அளவுகோலே ஆகாது என்பதுதான் இதன் பொருள்.

வயதும் அப்படியே. கிராண்ட், டாசன் ஆகியோரின் 1997ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்குமுன் குடிக்கத் தொடங்கியவர்களில் பிற்காலத்தில் அடிமைநிலைக்குப் போனவர்கள் சுமார் 40 விழுக்காடு. 20க்குப் பின் தொடங்கியவர்களில் சுமார் 10. தொடங்கும் வயதே காரணமா, அல்லது சீக்கிரம் தொடங்கவைத்த அதே சூழலும் சுபாவமும் காரணமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. முடிவெடுக்கும் இளைஞருக்கு அந்த வழக்கின் தீர்ப்பு வேண்டியதில்லை. தள்ளிப்போடுவதால் இழப்பு ஒன்றுமில்லை என்பது போதும்.

பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவென்பதால் அதே அளவு மது அவர் இரத்தத்தில் கூடுதல் செறிவை எட்டும். நாளொன்றுக்கு 10 கிராம் கூடும்தோறும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 7 விழுக்காடு உயர்வதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த 2002ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. கருவுற்ற காலத்தில் பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை.

நம் நாட்டுக்கே உரிய கல் ஒன்றும் தராசில் உண்டு. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த இந்தியாப் நாடுதழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. 10 கோடிக்கு மேற்பட்டோர். அவர்களில் இன்சுலினோ கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் குடித்தால் நடப்பது இது: சாப்பாடு இல்லாத நேரத்தில் கல்லீரல்தான் சர்க்கரை செய்து இரத்தத்துக்குக் கொடுக்கவேண்டும், ஆல்கஹாலைக் கரைப்பதில் மூழ்கிய கல்லீரல் அந்த வேலையைச் செய்வதில்லை, மாத்திரையோ சர்க்கரையை இன்னும் கீழே தள்ளுகிறது. ஆளுக்கு வியர்க்கும், நாக்குழறும், கால் தள்ளாடும். வாயில் மது வாசம். பேருந்து நிறுத்தத்துத் திண்ணையில் சாய்ந்துகிடப்பவரைப் பார்த்து, "போதையில கிடக்கான், தெளிஞ்சா எழுந்திருச்சுப் போவான்" என்று கடந்துபோவோம். சர்க்கரை இறங்கி நினைவு தப்புகிறவரும் வெறும் போதையில் இருப்பவரும் பார்வைக்கு ஒன்றுதான். இந்த இடருக்குப் பல ஆண்டுக் குடிப்பழக்கம் தேவையில்லை, ஓர் இரவு போதும். காசநோய்க்கும் இதே கவனம் வேண்டும். நாளுக்கு 40 கிராமுக்கு மேல் குடிப்பவருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. வந்தபின் உட்கொள்ளும் ஐசோனியாசிட் கல்லீரலைச் சோதிக்கும் மருந்து. புகையிலையும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய்களில் இரு தீங்குகளும் கூடுவதோடு நிற்பதில்லை, ஒன்றையொன்று பெருக்குகின்றன.

வேளை: இரவு பத்தும் காலை ஐந்தும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கிராமுக்குமேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப்பின் முதல்முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் வகுத்த பழைய சூத்திரத்தைக் கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், 65 கிலோ எடையுள்ள ஆண் ஒரு கட்டிங்கை வெறும் வயிற்றில் குடித்தால் அளவு 70 மி.கிராமை ஒட்டிப் போகும். சட்ட எல்லையைப்போல் இரு மடங்கு. முழு குவாட்டருக்கு 137. உடல் மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி. வீதம்தான் கழிக்கிறது. மோரோ எலுமிச்சைச் சாறோ குளியலோ அந்த வேகத்தை மாற்றாது.

தமிழ்நாட்டில் கடை மூடும் நேரம் இரவு பத்து. அப்போது ஒரு குவாட்டரை முடித்தவர் 30 மி.கிராமுக்குக் கீழே இறங்கும்போது காலை ஐந்து மணி. அதற்குமேல் ஒரு கட்டிங் ஏறியிருந்தால் பத்து மணி நெருங்கும். ஆறு மணி ஷிஃப்டுக்கு பைக்கை எடுப்பவர் 'நேற்றுக் குடித்தேன்' என்று நினைக்கிறார். அவர் இரத்தத்தைப் பொறுத்தவரை அது இன்றுதான்.

வேளையின் கொடிய முகம் விஷச் சாராயம். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கருணாபுரம் நிகழ்வில் மட்டும் 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனாலை நாவோ மூக்கோ பிரித்தறிய முடியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையும் மூச்சையும் தாக்கப் பல மணி நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில் வரும் தலைவலியும் வயிற்றுவலியும் வழக்கமான மறுநாள் கோளாறாகத் தோன்றுகின்றன. பயத்தாலும் கூச்சத்தாலும் மருத்துவமனைக்குப் போவது தாமதமாகிறது. பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இல் பிரித்துக்காட்டிய வேறுபாடு இங்கே பொருந்தும். வாய்ப்பு விகிதம் தெரிந்தது இடர். விகிதமே தெரியாதது நிச்சயமின்மை. லேபிள் ஒட்டிய புட்டியில் கணக்குக்கு இடமுண்டு. பிளாஸ்டிக் பையில் வரும் சாராயத்தில் கணக்கிட ஒன்றுமே இல்லை. கடைச்சரக்கை வாங்க முடியாத கூலித் தொழிலாளிதான் பெரும்பாலும் அந்த இருட்டுக்குள் கைவிடுகிறார் என்பதால், 'சொந்த முடிவு' என்ற சொல்லுக்கு அவர் விஷயத்தில் பாதிப் பொருள்தான் உண்டு.

மற்றப் போதைப் பொருள்களுக்கும் இதுவே சோதனை. கஞ்சாப் பொட்டலத்தில் வீரியம் எழுதப்படுவதில்லை. ஸ்வீடனில் கட்டாய இராணுவப் பதிவுக்கு வந்த இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளிவந்த ஆய்வு, ஐம்பது முறைக்குமேல் கஞ்சா எடுத்தவர்களிடம் பின்னாளில் மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு காணப்பட்டதைப் பதிந்தது. வீட்டில் அந்நோய் உள்ளவருக்கு இந்தக் கல்லின் கனம் மேலும் கூடும். ஓபியாய்டு வகை வலி மாத்திரையைப் போதைக்கு எடுத்து, அதன்மேல் மதுவையும் ஊற்றுவது மூச்சை இரண்டு பக்கமிருந்தும் நெரிப்பதற்குச் சமம்.

தராசைப் பிடிக்கும் கை

இதுவரை சொன்னவை தராசில் வைக்கும் கற்கள். சிக்கல் தராசைப் பிடிக்கும் கையில் இருக்கிறது. வேறெந்த இடரிலும் இல்லாத ஒரு வினோதம் போதையில் உண்டு: எடைபோடப்படும் பொருளே எடைபோடும் அறிவைத் தொடுகிறது. கேரி பெக்கரும் கெவின் மர்ஃபியும் 1988இல் முன்வைத்த 'பகுத்தறிவுள்ள அடிமைத்தனம்' என்ற பொருளியல் கோட்பாடு, அடிமையாகிறவனும் எதிர்கால இழப்பைக் கணக்கிட்டே அடிமையாகிறான் என்றது. கணிதத்தில் அழகானது. ஆனால் அதில் வரும் மனிதன் முதல் கிளாஸுக்கு முன்பும் மூன்றாம் கிளாஸுக்குப் பின்பும் ஒரே ஆளாக இருக்கிறான். கிளாட் ஸ்டீலும் ராபர்ட் ஜோசப்ஸும் 1990இல் 'ஆல்கஹால் கிட்டப்பார்வை' என்று பெயரிட்டது அந்த ஆளின் மாற்றத்தைத்தான். மது கவனத்தின் வீச்சைச் சுருக்குகிறது. கண்ணெதிரே இருக்கும் நண்பனும் பாட்டும் அடுத்த சுற்றும் பெரிதாகத் தெரிகின்றன. நாளைய வேலையும் வீட்டில் காத்திருப்பவரும் மங்கிப்போகிறார்கள். "ரெண்டோட நிறுத்திக்குவேன்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கைக் காப்பாற்றவேண்டிய பொறுப்பு, இரண்டுக்குப் பிறகு வரும் வேறொருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

கள்ளுண்ணாமை அதிகாரம் இதை அறிந்திருக்கிறது. போதையில் இருப்பவனிடம் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதன் பயனின்மையைச் சொன்னபின், தான் குடிக்காமல் இருக்கும் நேரத்தில் குடித்தவனைப் பார்க்கிறவன் தன் நிலையை அதில் காணமாட்டானா என்ற வியப்போடு அது முடிகிறது. எண்ணிப்பார்க்க ஏற்ற நேரம் தெளிவான நேரம் என்ற முறையியல் அந்த வியப்புக்குள் இருக்கிறது.

யோன் எல்ஸ்டர் 1979இல் எழுதிய நூலில், பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்ட கிரேக்க வீரனை முன்வைத்து, பின்னால் வரும் தன் பலவீனத்தை முன்கூட்டியே கட்டிப்போடும் அறிவை விளக்கினார். அதற்கு நாம் கிரேக்கத்துக்குப் போகவேண்டியதில்லை. கார்த்திகை பிறந்ததும் ஊர் ஊராக ஆண்கள் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். நேற்றுவரை நாள் தவறாத ஆள் நாற்பத்தொரு நாள் கடைப்பக்கம் போவதில்லை. உடுப்பு மாறுகிறது, காலில் செருப்பு இல்லை, ஊரே 'சாமி' என்று கூப்பிடுகிறது. "கட்டிங் வர்றீங்களா?" என்று கறுப்பு வேட்டிக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் ஒவ்வொரு மாலையும் புதிதாக மனதோடு மல்லுக்கட்டவேண்டியதில்லை. முடிவு ஒருநாள் விடியற்காலையில், தெளிவில், பலர் முன்னிலையில் எடுத்தாயிற்று. குடியை விடக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் இவ்வகைதான். இவற்றைப் பக்தி என்று மட்டும் பார்க்கும் மருத்துவமும், இவையே போதுமென்று நம்பும் குடும்பமும், ஆளுக்கொரு பாதியைத் தவறவிடுகின்றன. நெடுநாள் அன்றாடம் குடித்துக் காலையில் கை நடுங்கும் நிலைக்கு வந்தவர் மாலையோ கயிறோ அணிந்து சட்டென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் உயிராபத்தும் வரலாம். அவருக்கு விடுவதும் மருத்துவக் கண்காணிப்பில் நடக்கவேண்டிய செயல். கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிறுவனம் போன்றவை அதற்காகவே உள்ளன. தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாதவர், உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவத்தைக் கொண்டு பார்க்கலாம். நாற்பதுக்கு எட்டு எடுத்தாலே மருத்துவரிடம் பேசவேண்டிய நேரம்.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: மிதமான குடி இதயத்துக்கு நல்லது என்று ஆய்வுகள் சொல்லவில்லையா? சொல்லின. குடிக்காதவர் பட்டியலில், நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் சேர்ந்திருந்தது அந்தத் தோற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை ஷேப்பர் 1988லேயே சுட்டினார். மரபணு வேறுபாட்டை அளவுகோலாக்கிச் சீனாவில் நடந்து 2019இல் வெளியான பேராய்வு, பக்கவாதத்தைத் தடுக்கும் பயன் எதுவும் மிதக்குடிக்கு இல்லை என்று கண்டது. அப்படியே ஏதோ பயன் இருந்தாலும் அது 10 கிராமின் பயன், 61 கிராமின் பயன் ஆகாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. தனிமனிதனைக் கணக்குப் போடச் சொல்வது, விற்பவரைத் தப்பவிடுவதாகாதா? 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாநிலம், 1971இல் அதைத் தளர்த்தி, 1983இல் டாஸ்மாக் நிறுவனத்தை அமைத்து, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே ஏற்று நடத்துகிறது. 2023–24இல் அதன்வழி வந்த வருவாய் ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய். ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தனிமனிதர் ஏன் நோயுற்றார் என்பதும் சமூகம் ஏன் நோயுற்றது என்பதும் வேறுவேறு கேள்விகள் என்றது. ஒன்றின் விடை மற்றதற்கு விடையாகாது. நான் இங்கே வைக்கும் வாதமே விற்பனை முறையைக் குற்றம்சாட்டுகிறது: மிகைக்குடியின் வாசல்படியைச் சாதாரணப் புட்டியாக்கியது தனிமனிதன் அல்ல. 90 மி.லி. பொட்டலம் கொண்டுவருவது பற்றி 2023இல் பேச்செழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. அளவைக் குறைக்குமா, ஆளைக் கூட்டுமா என்ற அந்த விவாதம் புட்டியின் அளவு கொள்கைக்குரிய விஷயம் என்பதையாவது ஒப்புக்கொண்டது. கொள்கை மாறும்வரை காத்திருக்க முடியாதவருக்குத்தான் சொந்தக் கணக்கு.

மூன்றாவது: என் உடம்பு, என் காசு, என் முடிவு. வயதுவந்தவரின் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இடரின் உரிமையாளர் யார் என்று பார்க்கவேண்டும். சாலையில் எதிரே வருபவரும், பள்ளிக்கட்டணத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளையும், இரவில் கதவைத் திறக்கும் மனைவியும் அந்தக் கணக்கில் கையொப்பமிடவில்லை. தொகையை மட்டும் கட்டுகிறார்கள். பங்குதாரரைக் கேளாமல் போட்ட கணக்கைச் சொந்தக் கணக்கு என்பது வியாபாரத்திலும் செல்லாது.

முடிவுரை

தனிப்பட்ட இடரை எடைபோடுவது வீண்வேலை அல்ல என்பதும், அது இறக்குமதி எண்களை அப்படியே ஏற்பதும் அல்ல என்பதும் மேலே சொன்னவற்றால் விளங்கும். மேலைநாட்டு வழிகாட்டுதல் 'கொஞ்சமா, நிறையவா' என்று கேட்கிறது. 180 மி.லி. புட்டியும் நின்றபடி முடிக்கும் பழக்கமும் அமைந்த இடத்தில், அந்தக் 'கொஞ்சம்' என்ற நடுப்படி கிட்டத்தட்ட இல்லை. ஆகவே இங்கே உண்மையான தேர்வு, இல்லை என்பதற்கும் மிகை என்பதற்கும் இடையில் நடக்கிறது. அப்பன், சித்தப்பன் வரலாறு உள்ளவர், ஏறவே ஏறாதவர், சர்க்கரை மாத்திரை போடுபவர், இருபத்தொன்று நிறையாதவர், கருவுற்றவர், காலையில் வண்டி எடுப்பவர், லேபிளில்லாத சரக்கு மட்டுமே கைக்கெட்டுபவர் ஆகியோருக்கு விடை முன்பே வந்துவிடுகிறது. இவர்களையெல்லாம் கழித்தபின் எஞ்சுபவர் தன் வரம்பைத் தானே வகுக்கலாம். அதை வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டும்.

வாசலில் டம்ளரை உயர்த்திப் பிடித்த அந்த இருவரின் கண்ணில் குறையொன்றும் இல்லை. அரை மி.லி. பிசகையும் கண்டுபிடிக்கும் கண் அது. அதே கண் அன்று காலை பல் துலக்கும்போது, தன் வீட்டுச் சுவரில் மாலையிட்டு மாட்டிய அப்பாவின் படத்தின்மேல் ஒரு நிமிடம் நின்றிருந்தால், அந்தக் கணக்கும் சரியாகவே வந்திருக்கும்.